ஆபீஸ் மென்பொருளில் நம்மைக் குழப்புகிற ஜோடிச் சொற்கள்

வேர்டு, எக்செல், லிப்ரேஆபீஸ், கூகுள் டாக்ஸ் என்று எதை வைத்து வேலை பார்த்தாலும் சரி, அதில் வருகிற சொற்களை அகராதி போல வரிசையாகப் படித்தால் எதுவும் மனதில் நிற்காது. சொல் தெரியாமல் வருகிற சிக்கல் குறைவுதான். ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு விஷயங்களை ஒன்று என்றே நினைத்து வேலையை முடித்துவிட்டு அப்புறம் தலையில் கை வைப்பதுதான் அதிகம். சேவ் வேறு, சேவ் ஆஸ் வேறு. சிங்க் வேறு, பேக்கப் வேறு. செல்லில் தெரிகிற எண் வேறு, செல்லுக்குள் இருக்கிற எண் வேறு. அதனால் ஜோடி ஜோடியாகவே எடுத்துக்கொள்கிறேன், எது எங்கே காலை வாரும் என்பதும் கூடவே வரும். கீபோர்டு ஷார்ட்கட் எல்லாம் விண்டோஸுக்கு. மேக்கில் கன்ட்ரோல் என்று வருகிற இடத்தில் பெரும்பாலும் கமாண்ட் கீ.

எக்ஸ்டென்ஷனும் ஃபார்மட்டும்

ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வருகிற சில எழுத்துகள் எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் இதை மறைத்தே வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை முதல் வேலையாக டிக் செய்துவிடுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. மெயிலில் வந்த ஃபைலின் பெயர் பிடிஎஃப் என்று முடிவதுபோலத் தெரியும், அதற்கும் பின்னால் இஎக்ஸ்இ என்று ஒன்று மறைந்திருக்கும், டபுள் கிளிக் செய்தால் படிக்கிற ஆவணம் திறப்பதற்குப் பதிலாக ஏதோ ஒரு புரோகிராம் ஓட ஆரம்பிக்கும்.

ஃபார்மட் என்பது ஃபைலுக்குள் விஷயம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது. எக்ஸ்டென்ஷன் வெறும் பெயர்ப்பலகை. பலகையை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. டாக்எக்ஸ் என்று இருப்பதை ரீநேம் செய்து பிடிஎஃப் என்று எழுதிவிட்டால் அது பிடிஎஃப் ஆகிவிடாது, திறக்கவே திறக்காது. மாற்ற வேண்டுமென்றால் மென்பொருளுக்குள் திறந்து, சேவ் ஆஸ் அல்லது எக்ஸ்போர்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. ஆபீஸ் 2007இல் இருந்து வழக்கமான ஃபார்மட்டாக இருக்கிற டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எல்லாமே உண்மையில் ஜிப் ஃபைல்கள்தான், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொட்டலங்கள். ஒரு வேர்டு ஃபைலை காப்பி எடுத்துக்கொண்டு (மூல ஃபைலில் கை வைக்க வேண்டாம்), அதன் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வேர்டு என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மீடியா என்று ஒரு ஃபோல்டர், ஆவணத்தில் செருகிய படங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். யாரோ ஐம்பது படங்களை வேர்டில் ஒட்டி அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து சேவ் பண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பழைய டாக், எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்டுகளை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்எல்எஸ் ஷீட்டில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரை போகும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கோவிட் பரிசோதனை முடிவுகளைச் சேர்க்கும்போது இந்தப் பழைய ஃபார்மட்டின் எல்லையில் முட்டி, 15,841 தொற்றுகள் கணக்கில் ஏறாமலே நின்றுபோயின. பெயரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்.

லிப்ரேஆபீஸின் சொந்த ஃபார்மட் ஓடிஎஃப். எழுத்து ஆவணம் ஓடிடி, விரிதாள் ஓடிஎஸ். இதுவும் 2006இலேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரம் பெற்றதுதான், வேர்டும் இதைத் திறக்கும். ஆனால் ஒரே ஆவணத்தை இரண்டு ஃபார்மட்டுக்கும் மாறி மாறி மாற்றிக்கொண்டே இருந்தால் டேபிள் ஓரங்கள், நம்பரிங் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். ஒரு வேலைக்கு ஒரு ஃபார்மட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேவ், ஆட்டோசேவ், ஆட்டோரெக்கவர்

திரையில் நீங்கள் திருத்திக்கொண்டிருப்பது ரேமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருக்கிற பிரதி. டிஸ்க்கில் இருப்பது கடைசியாக சேவ் செய்தபோது இருந்த நிலை. கன்ட்ரோல் + எஸ் அழுத்தும்போது முதலாவது இரண்டாவதன்மேல் எழுதப்படுகிறது, அவ்வளவுதான் சேவ். சேவ் ஆஸ் செய்தால் புதிய பெயரில் புதிய ஃபைல் பிறக்கும், பழையது அப்படியே இருக்கும். வேர்டில் இதற்கு எஃப்12. பலர் கவனிக்காதது என்னவென்றால், சேவ் ஆஸ் செய்த நொடியிலிருந்து நீங்கள் திருத்துவது புதிய ஃபைலைத்தான். போன மாதக் கடிதத்தைத் திறந்து, எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, கடைசியில் சேவ் ஆஸ் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் நடுவில் பழக்க தோஷத்தில் ஒரு கன்ட்ரோல் + எஸ் போட்டுவிடுவீர்கள், பழைய கடிதம் போச்சு. திறந்தவுடனே சேவ் ஆஸ், அப்புறம் திருத்தம். இந்த வரிசை மாறக்கூடாது. இன்னும் நல்லது, அந்தக் கடிதத்தை டெம்ப்ளேட்டாக, அதாவது டாட்எக்ஸ் ஃபார்மட்டில் ஒருமுறை சேவ் செய்துவிடுவது. டெம்ப்ளேட்டை டபுள் கிளிக் செய்தால் ஒவ்வொரு முறையும் பெயரில்லாத புது ஆவணம்தான் திறக்கும், மூலத்தைத் தவறுதலாக அழிக்க வழியே இல்லை.

ஆட்டோசேவ், ஆட்டோரெக்கவர் இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி, வேலையில் சம்பந்தமே இல்லை. மைக்ரோசாஃப்ட் 365இல் இடதுபக்க மூலையில் தெரிகிற ஆட்டோசேவ் பட்டன், ஃபைல் ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயின்ட் என்கிற மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடங்களில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும்; அப்போது நீங்கள் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் மூல ஃபைலிலேயே எழுதப்படும். ஆட்டோரெக்கவர் மூல ஃபைலைத் தொடாது. வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு அவசரப் பிரதியை எடுத்து வைக்கும், மென்பொருள் நடுவில் செயலிழந்தால் அடுத்த முறை திறக்கும்போது அதை நீட்டும். 10 நிமிடம் அதிகம் என்று தோன்றினால் ஆப்ஷன்ஸுக்குள் சேவ் பகுதியில் குறைத்துக்கொள்ளலாம். சேவ் செய்யாமலே மூடிவிட்டீர்களா? ஃபைல் மெனு, இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.

ஆட்டோசேவ் ஆனில் இருக்கும்போது "சும்மா மாற்றிப் பார்க்கிறேன், சேவ் செய்யாமல் மூடிவிடுகிறேன்" என்ற பழைய தந்திரம் பலிக்காது. மாற்றியது மாற்றியதுதான். அதற்கு மருந்து வெர்ஷன் ஹிஸ்டரி. கூகுள் டாக்ஸிலும் ஃபைல் மெனுவில் இதே பெயரில் இருக்கிறது. எந்த நேரத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று பார்த்து, வேண்டிய நிலைக்குத் திரும்பலாம்.

சிங்க்கை பேக்கப் என்று நினைப்பது இதைவிட ஆபத்து. சிங்க் என்றால் இரண்டு இடங்களிலும் ஒரே நிலை இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நீங்கள் இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அது பொறுப்பாக அங்கேயும் அழித்துவிடும். ரீசைக்கிள் பின்னில் கொஞ்ச காலம் இருக்கும், உண்மைதான், ஆனால் அழிந்ததையே நீங்கள் தாமதமாகத்தான் கவனிப்பீர்கள். பேக்கப் என்பது மூலத்தில் நடப்பது தன்னைப் பாதிக்காத தனிப் பிரதி. வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்தால்கூடப் போதும்.

கிளிப்போர்டும் ஒட்டுகிற விதமும்

கட், காப்பி, பேஸ்ட் எல்லோருக்கும் தெரியும். 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற எடிட்டரில் கொண்டுவந்த முறை அது. எடுத்ததை இடையில் வைத்திருக்கிற இடம் கிளிப்போர்டு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் வைத்திருக்கும், அடுத்த காப்பி வந்தால் முந்தையது போய்விடும். ஆனால் விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் கீ + வி அழுத்தினால் கிளிப்போர்டு ஹிஸ்டரி திறக்கும், முதல் முறை மட்டும் டர்ன் ஆன் கொடுக்க வேண்டும், அதன்பிறகு கடைசியாக எடுத்த 25 வரை அங்கே நிற்கும். பாஸ்வேர்டை காப்பி செய்தாலும் அங்கே நிற்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஒட்டும்போது இரண்டு விஷயங்கள் கூடவே வருகின்றன: எழுத்து ஒன்று, அதன் ஃபார்மட்டிங் ஒன்று. இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினால் பின்னணி நிறம், வேறு ஃபான்ட், விசித்திரமான வரி இடைவெளி எல்லாம் வந்து சேர்வது இதனால்தான். கூகுள் டாக்ஸிலும் புதிய வேர்டிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தினால் எழுத்து மட்டும் ஒட்டும். லிப்ரேஆபீஸில் கூடவே ஆல்ட் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். எதுவும் நினைவில் இல்லை என்றால் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி காப்பி எடுங்கள். நோட்பேடுக்கு நிறம் தெரியாது.

என்டர் கீயை நம்பி வாழ்பவர்களுக்கு

வேர்டு ஆவணங்களில் நடக்கிற பாதிக் குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. முதலில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்துங்கள் (லிப்ரேஆபீஸில் கன்ட்ரோல் + எஃப்10). மறைந்திருக்கிற குறிகள் எல்லாம் வெளியே வரும். ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் ஒரு புள்ளி, டேபுக்கு ஒரு அம்பு, என்டர் அடித்த ஒவ்வொரு இடத்திலும் பாரா குறி. அடுத்தவர் அனுப்பிய ஆவணம் ஏன் இப்படி ஆடுகிறது என்று புரியாதபோதெல்லாம் நான் முதலில் செய்வது இதைத்தான். நாற்பது ஸ்பேஸ் அடித்துத் தலைப்பை நடுவில் கொண்டுவந்திருப்பார்கள், பதினைந்து என்டர் அடித்து அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள், எல்லாம் பட்டப்பகலாகத் தெரியும்.

என்டர் அடித்தால் புதிய பாரா. ஷிஃப்ட் + என்டர் அடித்தால் அதே பாராவுக்குள் புதிய வரி. முகவரி எழுதும்போது இந்த வித்தியாசம் தெரியும்: ஒவ்வொரு வரிக்கும் என்டர் போட்டால் பாராக்களுக்கு நடுவில் விடுகிற இடைவெளி ஒவ்வொரு வரிக்கும் விழுந்து முகவரி அரைப்பக்கத்துக்கு நீண்டுவிடும், ஷிஃப்ட் + என்டர் போட்டால் கச்சிதமாக நிற்கும். அடுத்த பக்கத்துக்குப் போகக் கன்ட்ரோல் + என்டர், அதுதான் பேஜ் பிரேக். இதைப் போட்டுவிட்டால் மேலே எத்தனை வரி சேர்த்தாலும் குறைத்தாலும் அடுத்த அத்தியாயம் புதுப் பக்கத்தில்தான் தொடங்கும். என்டராக அடித்துத் தள்ளியிருந்தால் மேலே ஒரு வரி கூடியதும் கீழே இருப்பதெல்லாம் சரியும்.

இன்னொன்று. பாராவின் ஒழுங்கமைப்பு, அதாவது அலைன்மென்ட், இன்டென்ட், இடைவெளி எல்லாம் அந்த பாரா குறிக்குள்தான் இருக்கிறது. அந்தக் குறியை அழித்தால் இரண்டு பாராவும் ஒட்டிக்கொள்ளும், அப்போது ஒன்றின் அமைப்பு மற்றொன்றுக்குப் போய்விடும். "டெலீட் அடித்தேன், தலைப்பின் பெரிய எழுத்து கீழே இருந்த பாரா முழுவதற்கும் வந்துவிட்டது" என்கிற புகாருக்கு விளக்கம் இது.

செக்ஷன் பிரேக் பேஜ் பிரேக்கின் பெரியப்பா. பேஜ் பிரேக் பக்கத்தை மட்டும் மாற்றும். செக்ஷன் பிரேக் போட்டால் அதற்குப் பின்னால் பக்கத்தின் அளவு, மார்ஜின், நிற்கிற பக்கமா படுக்கிற பக்கமா, ஹெட்டர், ஃபுட்டர், பக்க எண் எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு அகலமான டேபிளுக்கு மட்டும் லேண்ட்ஸ்கேப் பக்கம் வேண்டுமா, டேபிளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று லேஅவுட் மெனுவில் பிரேக்ஸ் என்பதற்குள் நெக்ஸ்ட் பேஜ் வகை செக்ஷன் பிரேக் போட்டுவிட்டு, நடுவில் கர்சரை வைத்து லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள். ஹெட்டர் மட்டும் அடம்பிடித்து முந்தைய செக்ஷனில் இருப்பதையே காட்டும். ஹெட்டருக்குள் டபுள் கிளிக் செய்து லிங்க் டு பிரீவியஸ் என்பதை அணைக்க வேண்டும். லிப்ரேஆபீஸில் இந்த வேலையை பேஜ் ஸ்டைல் செய்கிறது. அங்கே செக்ஷன் என்ற பெயரில் இருப்பது வேறு சமாச்சாரம், அதைத் தேடிப் போகாதீர்கள்.

நேரடி ஃபார்மட்டிங்கா, ஸ்டைலா

தலைப்பைத் தேர்ந்தெடுத்து போல்டு, 16 பாயின்ட், நீல நிறம் என்று கையால் கொடுத்தால் அது நேரடி ஃபார்மட்டிங். (பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, 72 பாயின்ட் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு அங்குல எழுத்து.) கண்ணுக்குத் தலைப்பு மாதிரி இருக்கும், கணினியைப் பொறுத்தவரை அது கொஞ்சம் தடித்த இன்னொரு பாரா. அதே வரிக்கு ஹெடிங் 1 ஸ்டைல் கொடுத்தால், வேர்டில் கன்ட்ரோல் + ஆல்ட் + 1, இது தலைப்பு என்று மென்பொருளுக்கே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் என்ன லாபம் என்றால், நேவிகேஷன் பேனில் தலைப்புகள் வரிசையாக வரும், அங்கேயே இழுத்துவிட்டு அத்தியாயங்களை இடம் மாற்றலாம், ரெஃபரன்சஸ் மெனுவிலிருந்து பொருளடக்கம் தானாக உருவாகும், பிடிஎஃப் ஆக்கும்போது புக்மார்க்குகளாக மாறும், பார்வையற்றவர்கள் பயன்படுத்துகிற திரைவாசிப்பான் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போகும். எல்லாத் தலைப்பும் நீலத்திலிருந்து கறுப்பாக வேண்டும் என்று மேலதிகாரி கடைசி நிமிடத்தில் சொன்னால் ஸ்டைலை ஒரே இடத்தில் மாடிஃபை செய்தால் முடிந்தது. 120 பக்க அறிக்கையில் கையால் மாற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

பொருளடக்கமும் பக்க எண்ணும் ஃபீல்டு என்ற வகை. அதாவது அங்கே தெரிவது தட்டச்சு செய்த எழுத்து கிடையாது, மென்பொருள் கணக்கிட்டுக் காட்டுகிற விடை. ஆகவே பொருளடக்கத்தில் நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் காணாமல் போகும். தலைப்பை ஆவணத்தில் திருத்திவிட்டு, பொருளடக்கத்தின்மேல் கர்சரை வைத்து எஃப்9 அழுத்துங்கள்.

ஒட்டி ஒட்டிக் கலைந்துபோன ஆவணம் கையில் வந்தால் வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஸ்பேஸ் கொடுத்தால் எழுத்துகளுக்குக் கையால் கொடுத்த ஃபார்மட்டிங் போகும், கன்ட்ரோல் + க்யூ கொடுத்தால் பாராவுக்குக் கொடுத்தது போகும். லிப்ரேஆபீஸில் கன்ட்ரோல் + எம். வேண்டிய போல்டும் சேர்ந்தே போய்விடும் என்பதால் பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு செய்வது நல்லது.

ஃபான்ட்டும் என்கோடிங்கும்

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இந்த ஜோடியைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் காலத்துக்கும் அவதிதான். என்கோடிங் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கிற எண். ஃபான்ட் என்பது அந்த எண்ணுக்கு வரைகிற வடிவம். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் முறையான யூனிகோடில் தமிழுக்கென்று தனி எண்கள் இருக்கின்றன, அதனால் லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று எந்த ஃபான்ட்டுக்கு மாற்றினாலும் 'க' 'க'வாகவே இருக்கும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில் நடப்பது வேறு. அங்கே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் எண்கள், அவற்றின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான். தேடினால் கிடைக்காது, தமிழ் அகரவரிசையில் அடுக்காது. ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை, எழுத்துமாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றினால்தான் தீரும். மாற்றியபிறகு கொம்பும் காலும் வருகிற சொற்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

யூனிகோடிலேயே எழுதியும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் ஃபான்ட் இல்லை என்று பொருள், எழுத்து பத்திரமாகத்தான் இருக்கிறது. வேறு கணினிக்கு அனுப்பும் ஆவணத்தில் அரிதான ஃபான்ட் ஏதும் போட்டிருந்தால் வேர்டில் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எம்பெட் ஃபான்ட்ஸ் என்பதை டிக் செய்துவிட்டு அனுப்பலாம். ஃபான்ட் அளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறித் தமிழ் அப்படியே நிற்கிறது என்பது லிப்ரேஆபீஸில் அடிக்கடி கேட்கிற இன்னொரு குறை. அங்கே தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு சிடிஎல் ஃபான்ட் என்று தனியாக ஒரு இடம் இருக்கிறது, ஃபார்மட் மெனுவில் கேரக்டர் என்பதைத் திறந்து அங்கேயும் மாற்ற வேண்டும்.

யூடிஎஃப்-8 என்ற பெயரையும் பார்த்திருப்பீர்கள், யூனிகோடு எண்களை ஃபைலில் எழுதி வைக்கிற முறைகளில் ஒன்று. இதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிற விண்ணப்பப் படிவங்களில் நீங்கள் எண்ணியதற்கும் கணினி எண்ணியதற்கும் கணக்கு உதைப்பது இதனால்தான்.

எக்செல்: தெரிவதும் இருப்பதும்

ஃபைல் முழுவதும் ஒர்க்புக், உள்ளே இருக்கிற ஒவ்வொரு தாளும் ஒர்க்ஷீட், கட்டம் ஒவ்வொன்றும் செல். இதுவரை சுலபம்.

செல்லுக்குள் இருக்கிற மதிப்பு ஒன்று, அதை எப்படிக் காட்ட வேண்டும் என்கிற நம்பர் ஃபார்மட் இன்னொன்று. ஒரு செல்லில் 1.4, அடுத்ததில் 1.4, கூட்டினால் 2.8. தசமம் வேண்டாம் என்று ஃபார்மட் கொடுத்துப் பாருங்கள், திரையில் 1 + 1 = 3 என்று தெரியும். எக்செல் தப்பாகக் கூட்டவில்லை, உள்ளே இருப்பதைக் கூட்டிவிட்டுச் சுருக்கிக் காட்டுகிறது. மதிப்பையே முழு எண்ணாக்க வேண்டும் என்றால் ரவுண்ட் ஃபார்முலா போட வேண்டும்.

தேதியும் இப்படித்தான். எக்செலுக்குத் தேதி என்று ஒன்று கிடையாது, நாள் எண்தான். 1900 ஜனவரி 1 என்றால் 1, 2025 ஜனவரி 1 என்றால் 45658. மதியம் 12 மணி என்பது 0.5. தேதி இருந்த இடத்தில் திடீரென்று ஐந்து இலக்க எண் தெரிந்தால் எதுவும் கெட்டுவிடவில்லை, ஃபார்மட்டைத் தேதி என்று மாற்றினால் திரும்பிவிடும். செல் முழுவதும் ஹாஷ் குறியாக நிரம்பியிருந்தால் பெரும்பாலும் நெடுவரிசையின் அகலம் போதவில்லை, ஓரத்தில் டபுள் கிளிக் செய்யுங்கள்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. நீங்கள் எழுத்தாக நினைத்து அடிப்பதை எக்செல் தானாகத் தேதியாகவோ எண்ணாகவோ மாற்றிவிடும். 3-4 என்று அடித்தால் தேதி. 0045 என்று அடித்தால் 45. அடையாள எண் 16 இலக்கம் என்றால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் எண்ணாக வைத்தால் 15 இலக்கத்துக்கு மேல் அதற்கு நினைவில் நிற்காது. இது ஃபார்மட்டை மாற்றினாலும் திரும்பி வராது. மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்கள் இப்படித் தேதியாகிப் பெரிய தொல்லையாகி, 2020இல் பெயர் சூட்டுகிற சர்வதேசக் குழுவே அந்த மரபணுக்களின் குறியீட்டை மாற்றிக்கொண்டது! நமக்கு அவ்வளவு வேண்டாம், தட்டுவதற்கு முன்பே நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் ஃபார்மட் கொடுத்துவிட்டால் போதும், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி.

செல்லைத் தேர்ந்தெடுத்து டெலீட் கீ அழுத்தினால் உள்ளடக்கம் மட்டும் போகும், நிறமும் ஃபார்மட்டும் தங்கிவிடும். முழுவதும் துடைக்க ஹோம் மெனுவில் கிளியர் ஆல். ரைட் கிளிக் செய்து வருகிற டெலீட் செல்லையே பிடுங்கிவிடும், பக்கத்தில் இருப்பவை அந்த இடத்துக்கு நகரும். அந்தச் செல்லை நம்பியிருந்த ஃபார்முலாக்களில் ரெஃப் என்ற பிழை வரும். ஹைடு செய்தால் எதுவும் போகவில்லை, மறைந்திருக்கிறது. ஃபில்டர் போட்டு மறைந்த வரிசைகளையும் சம் ஃபார்முலா சேர்த்தே கூட்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூட்ட வேண்டுமானால் சப்டோட்டல் ஃபார்முலாவில் முதல் எண்ணாக 109 கொடுங்கள்.

ஃபார்முலாவை இழுத்துக் கீழே காப்பி செய்யும்போது பி2 என்பது பி3, பி4 என்று தானாக நகர்வது ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ். வரிவிகிதம் போல ஒரே செல்லில் இருப்பதை எல்லா வரிசையும் எடுக்க வேண்டுமென்றால் நகரக்கூடாது, ஃபார்முலாவில் அந்த செல் பெயரின்மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் டாலர் குறிகள் வந்து உட்காரும், அது அப்சல்யூட். டாலர் என்றதும் பணம் என்று நினைத்துவிட வேண்டாம், அது வெறும் ஆணி. முதல் வரிசையில் மட்டும் விடை சரி, கீழே எல்லாம் பூஜ்யம் என்றால் 90 சதவீதம் இதுதான் காரணம் என்று நான் துணிந்து சொல்வேன்.

சிஎஸ்வி ஃபைல் எக்செல் ஐகானோடு வந்தாலும் அது எக்செல் ஃபைல் கிடையாது. காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து. அதில் சேவ் செய்தால் திறந்திருக்கிற ஒரு ஷீட் மட்டும் போகும், ஃபார்முலா, நிறம், மற்ற ஷீட் எதுவும் தங்காது. தமிழ் இருந்தால் சேவ் ஆஸில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வெறும் சிஎஸ்வி கொடுத்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பாது. வந்த சிஎஸ்வியைத் திறக்கும்போதும் டபுள் கிளிக் செய்யாமல் டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாகக் கொண்டுவந்தால் என்கோடிங்கும் நெடுவரிசையின் வகையும் உங்கள் கையில்.

மேக்ரோ பற்றி இரண்டு வரி. திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைத் தானாகச் செய்ய எழுதிய குறுநிரல் அது, டாக்எம், எக்ஸ்எல்எஸ்எம் என்று எம்மில் முடிகிற ஃபைல்களில் இருக்கும். 1999இல் மெலிசா என்ற வைரஸ் மெயில் மெயிலாகப் பரவியது வேர்டு மேக்ரோ வழியாகத்தான். இணையத்திலிருந்து வந்த ஃபைல் எனேபிள் கன்டென்ட் கேட்டால், அனுப்பியவரிடம் போன் செய்து கேட்காமல் அழுத்தாதீர்கள்.

மறைப்பதும் நீக்குவதும்

வெளியே அனுப்புவதற்கு முன்னால் இந்த ஜோடியைப் பார்த்தே ஆக வேண்டும். ட்ராக் சேஞ்சஸ் (வேர்டில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + இ) ஆனில் இருக்கும்போது அழித்த வரி அழிவதில்லை, அழித்ததாகக் குறிக்கப்படுகிறது. ரிவ்யூ மெனுவில் நோ மார்க்கப் என்று மாற்றினால் ஆவணம் சுத்தமாகத் தெரியும், ஆனால் வாங்குகிறவர் ஆல் மார்க்கப் என்று மாற்றினால் நீங்கள் முதலில் என்ன தொகை எழுதி அழித்தீர்கள் என்பது வரை வாசித்துவிடுவார். அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் கொடுத்தால்தான் அது உண்மையில் முடியும், கமென்ட்டுகளைத் தனியாக டெலீட் செய்ய வேண்டும். அதன்பிறகு ஃபைல் மெனு, இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று ஒரு சுற்று ஓட்டுங்கள், எழுதியவர் பெயர் போன்ற மறைந்த தகவல்களையும் காட்டிக்கொடுக்கும்.

எக்செலில் ப்ரொடெக்ட் ஷீட் போடுவது கைதவறி மாற்றாமல் இருப்பதற்குத்தான், ரகசியத்துக்கு உதவாது. ரகசியம் வேண்டுமானால் இன்ஃபோ பக்கத்தில் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை மறந்தால் உங்களுக்கும் திறக்காது.

பிடிஎஃப் ஆக்குவதில் பிரின்ட் டு பிடிஎஃப் வேறு, சேவ் ஆஸ் அல்லது எக்ஸ்போர்ட் வழியாக ஆக்குவது வேறு. முதலாவதில் பக்கத்தின் தோற்றம் வரும், லிங்க்கும் புக்மார்க்கும் வராது. இரண்டாவதையே பழகிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னொரு வகை, உள்ளே இருப்பது படம், எழுத்தே கிடையாது. தேட வேண்டுமென்றால் ஓசிஆர், அதாவது படத்தில் இருக்கிற எழுத்தைக் கணினி வாசித்து எழுத்தாக மாற்றுகிற வேலை, செய்தாக வேண்டும்.

கடைசியாக, பெயரையோ கணக்கு எண்ணையோ மறைக்க அதன்மேல் கறுப்புப் பட்டை வரைந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிற வழக்கம். பட்டை மேலே இருக்கும், எழுத்து அடியில் அப்படியே இருக்கும். சோதிப்பது சுலபம்: அந்தப் பட்டையைச் சேர்த்து மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எண் வந்து விழுந்தால் மூல ஆவணத்துக்குத் திரும்பிப் போய் அந்த எண்ணையே அழித்து, அதற்குப் பதில் நாலு எக்ஸ் அடித்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அனுப்புங்கள்.